பழைய பிரிட்டிஷ் சிட்காம்: எதிலிருந்து தொடங்குவது, எப்படிப் பார்ப்பது

"எல்லாரும் ஆஹா ஓஹோன்னு சொல்றாங்க, பத்து நிமிஷம் பார்த்தேன், ஒண்ணும் ஒட்டல." பழைய பிரிட்டிஷ் சிட்காம், அதாவது அரை மணி நேர டிவி நகைச்சுவைத் தொடர்கள் பக்கம் புதிதாக வருபவர்கள் சொல்வது பெரும்பாலும் இதுதான். ரசனையில் குறை இருப்பதால் அல்ல, தவறான இடத்தில் தொடங்குவதால் வருவது. 'பிளாக்ஆடர்' முதல் சீரீஸின் (அதாவது சீசனின்) முதல் எபிசோடைப் போட்டவர்களும், யூடியூப்பில் இரண்டு நிமிடத் துண்டு பார்த்துவிட்டு முடிவுக்கு வந்தவர்களும் இப்படித்தான் எழுந்து போகிறார்கள். சரியான எபிசோடில் நுழைந்தால், ஐம்பது வருடத்துக்கு முன் லண்டன் ஸ்டுடியோவில் பதிவான அரை மணி நேரம் இன்றைக்கும் வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கும்.

எதைத் தேட வேண்டும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இந்தத் தொடர்களின் நாயகர்கள் எல்லாருமே ஓரிடத்தில் மாட்டிக்கொண்டவர்கள். ஹோட்டலை விட்டுப் போக முடியாத முதலாளி, சிறையை விட்டுப் போக முடியாத கைதி, காயலான் கடையையும் கிழட்டு அப்பாவையும் விட்டுப் போக முடியாத மகன். அதோடு ஒவ்வொருவரும் தான் இருக்கும் படியை விட ஒரு படி மேலே இருப்பதாக நினைத்துக்கொள்கிறார். பிரிட்டனில் அந்த ஒரு படி என்பது வர்க்கம். பேசும் உச்சரிப்பு, படித்த பள்ளி, சாப்பாட்டுக்குச் சொல்லும் பெயர் என எல்லாவற்றிலும் அது தெரியும். அந்தப் படியில் கால் வழுக்கும் நேரத்தைக் கவனித்தால் போதும், மற்றதெல்லாம் தானாகப் புரியும். வீட்டுக்கு வீடு வாசப்படி என்பதால் லண்டன் வர்க்கக் கணக்கு தெரியாதவருக்கும் இது எட்டும்.

உட்காரும் முன் டிவியில் செய்ய வேண்டியவை

பழைய தொடர்கள் எல்லாம் 4:3 (அகலம்:உயரம்) அளவில் எடுக்கப்பட்டவை. இன்றைய டிவி 16:9. டிவி தானாகவே படத்தை இழுத்து நிரப்பினால் எல்லா முகமும் பூசணிக்காய் போல அகலமாகிவிடும். 'ஜூம்' போட்டால் மேலும் கீழும் வெட்டுப்படும். உடல்மொழியை நம்பியிருக்கும் நகைச்சுவைக்கு இரண்டுமே கேடு. செட்டிங்ஸில் 4:3 அல்லது 'ஒரிஜினல்' என்று வையுங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தால் சரியாக இருக்கிறது என்று பொருள்.

அடுத்து, எபிசோட் ஓடும் நேரத்தைப் பாருங்கள். பிபிசியில் விளம்பரம் கிடையாது, அதனால் அரை மணி எபிசோட் ஏறக்குறைய 30 நிமிடம் ஓடும். தனியார் சேனலான ஐடிவியில் விளம்பர இடைவேளை உண்டு, அங்கே 25 நிமிடம். பிபிசி தொடர் ஒன்று 22 நிமிடம் என்று காட்டினால், விளம்பரத்துக்காக யாரோ வெட்டிய பதிப்பு அது. வேறு பதிப்பு தேடுங்கள். இந்த எழுத்தில் எட்டு நிமிடத்தை எடுத்தால் கடைசிக் காட்சிக்கு வேண்டிய ஏதோ ஒன்று காணாமல் போயிருக்கும்.

ஆங்கில சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும்தான். கிழக்கு லண்டன் பேச்சும் ஸ்காட்லாந்து உச்சரிப்பும் முதல் வாரம் காதில் நிற்காது. மூன்று நான்கு எபிசோட் தாண்டியதும் எடுத்துவிடுங்கள். சப்டைட்டில் சில சமயம் நடிகர் வாயைத் திறக்கும் முன்பே சிரிப்பின் முடிச்சை அவிழ்த்துவிடும்.

புதியவர்களை உறுத்தும் விஷயங்கள் இரண்டு. ஒன்று, வீட்டுக்குள் நடக்கும் காட்சி பளிச்சென்றும் கதவைத் திறந்து வெளியே வந்ததும் மங்கலாகவும் துகள் துகளாகவும் தெரிவது. உள்காட்சிகளை ஸ்டுடியோவில் வீடியோ டேப்பிலும், வெளிக்காட்சிகளை 16 எம்எம் பிலிமிலும் எடுத்தார்கள். பிரதியில் எந்தக் கோளாறும் இல்லை. இரண்டு, சிரிப்பொலி. அதை மெஷின் சிரிப்பு என்று நினைத்து எரிச்சல்படுபவர்கள் பலர். இங்கே நாம் பேசும் தொடர்களில் கேட்பது, ஸ்டுடியோவில் உட்கார்ந்திருந்த பார்வையாளர்களின் நிஜச் சிரிப்பு. வெளிக்காட்சிகளை முன்கூட்டியே எடுத்து, பதிவு நாளில் அவர்களுக்குத் திரையில் போட்டுக் காட்டி, அந்தச் சிரிப்பையும் பதிவு செய்துகொள்வார்கள். நடிகர்கள் மேடை நாடகம் போலச் சிரிப்பு அடங்கக் காத்திருந்து அடுத்த வசனத்தை எடுப்பார்கள். ஹெட்போன் மாட்டித் தனியாகப் பார்த்தால் அந்த இடைவெளிகள் வெறுமையாகத் தோன்றும். கூட இரண்டு பேரை உட்கார வைத்து ஸ்பீக்கரில் பாருங்கள், அதே இடைவெளி சரியாகப் பொருந்தும்.

முதல் இரவு: 'பால்டி டவர்ஸ்'

மொத்தமே 12 எபிசோட். 1975இல் ஆறு, 1979இல் ஆறு, அதோடு முடிந்தது. எழுதியவர்கள் ஜான் கிளீஸும் கோனி பூத்தும். முதல் சீரீஸ் வந்தபோது அவர்கள் கணவன் மனைவி, இரண்டாவது வருவதற்குள் விவாகரத்து ஆகிவிட்டது. ஆனாலும் சேர்ந்தே எழுதி முடித்தார்கள். இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் டார்கி என்ற ஊரில் ஒரு சிறு ஹோட்டல். முதலாளி பேசில், மனைவி சிபில், பார்சலோனாவிலிருந்து வந்த வெயிட்டர் மானுவல், எல்லாவற்றையும் சமாளிக்கும் பாலி. 2000ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பிலிம் இன்ஸ்டிடியூட் தயாரித்த நூறு சிறந்த தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் பட்டியலில் முதலிடம் பெற்றது இதுதான்.

முதல் எபிசோடில் தொடங்க வேண்டாம். இரண்டாம் சீரீஸின் முதல் எபிசோடான 'கம்யூனிகேஷன் பிராப்ளம்ஸ்' உங்கள் வாசல். இந்த வகைத் தொடர் எப்படிக் கட்டப்படுகிறது என்பது அதில் அப்பட்டமாகத் தெரியும், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

மிஸஸ் ரிச்சர்ட்ஸ் என்ற மூதாட்டி அறை எடுக்க வருகிறார். காது கேளாது. காது மிஷின் வைத்திருக்கிறார், ஆனால் பேட்டரி வீணாகுமென்று அணைத்தே வைத்திருப்பார். ஜன்னலிலிருந்து தெரியும் காட்சி சரியில்லை என்று சண்டைக்கு வருகிறார். இதற்கிடையில் ஊருக்குக் கிளம்பும் விருந்தாளி ஒருவர் 'டிராகன்பிளை' என்ற குதிரை நிச்சயம் ஜெயிக்கும் என்று பேசிலிடம் துப்பு சொல்லிவிட்டுப் போகிறார். பந்தயம் கட்டக் கூடாதென்பது சிபிலின் உத்தரவு. பேசில் திருட்டுத்தனமாகக் கட்டி 75 பவுண்டு ஜெயிக்கிறார். விஷயம் தெரிந்த மானுவலிடம், யார் கேட்டாலும் "எனக்கு ஒண்ணும் தெரியாது"ன்னுதான் சொல்லணும் என்று மண்டையில் அடித்தாற்போல் பாடம் நடத்துகிறார்.

இதெல்லாம் முன்பாதி. மிஷின், குதிரையின் பெயர், அந்த ஒரு வாக்கியம் ஆகிய மூன்றும் சும்மா வந்துபோனது போலத்தான் இருக்கும். பின்பாதியில் மிஸஸ் ரிச்சர்ட்ஸின் பணம் தொலைகிறது. பேசிலின் கையில் இருக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்று சிபில் மடக்குகிறார். அது பேசில் ஜெயித்த பணம்தான் என்று சாட்சி சொல்லக்கூடிய ஆள் ஒருவரே ஒருவர், மானுவல். பேசில் கெஞ்சுகிறார். எஜமானின் உத்தரவை மறக்காத மானுவல் பெருமையோடு நிமிர்ந்து நின்று சொல்கிறார்: "எனக்கு ஒண்ணும் தெரியாது." அந்த இடத்தில் வரும் சிரிப்பு அந்த வசனத்துக்கு மட்டும் கிடைத்ததல்ல, பத்துப் பதினைந்து நிமிடம் முன்பே விதைத்த விதை முளைப்பதற்குக் கிடைத்தது. துண்டு வீடியோவில் இந்த ஒரு காட்சியை மட்டும் பார்த்தவருக்கு இது ஏன் வேடிக்கை என்றே தெரியாது. பார்க்கும்போது போனைத் தள்ளி வைக்கச் சொல்வதும் இதற்காகத்தான். விதை விழும் நேரத்தில் வாட்ஸ்அப் பார்த்தவருக்கு முளைக்கும்போது ஒன்றும் கிடைக்காது.

அடுத்து 'தி ஹோட்டல் இன்ஸ்பெக்டர்ஸ்', 'கூர்மே நைட்', 'வால்டார்ப் சாலட்', 'தி கிப்பர் அண்ட் தி கார்ப்ஸ்' என்று போங்கள். 'கூர்மே நைட்'டில் நின்றுபோன காரைப் பேசில் மரக்கிளையை ஒடித்து வந்து அடிக்கும் காட்சி உலகப் புகழ் பெற்றது, அதையும் முழு எபிசோடாகவே பாருங்கள். 'பேசில் தி ராட்' கடைசிக்கு இருக்கட்டும்.

ஒரு நாளைக்கு இரண்டு எபிசோடுக்கு மேல் வேண்டாம். பேசிலின் பதற்றம் நம் உடம்பிலும் ஏறும். நான்காவது எபிசோடில் களைப்பு வந்துவிடும், களைப்பைச் சலிப்பு என்று தப்பாக எடுத்துக்கொள்வோம்.

அடுத்தது எது: உங்கள் சுபாவத்தைப் பொறுத்து

அரசியலும் அலுவலக நடைமுறையும் பிடிக்குமென்றால் 'எஸ் மினிஸ்டர்'. 1980 முதல் 1984 வரை வந்தது. அமைச்சர் பிரதமராகும் தொடர்ச்சி 'எஸ், பிரைம் மினிஸ்டர்' 1986 முதல் 1988 வரை. எழுதியவர்கள் ஆண்டனி ஜே, ஜோனதன் லின். அமைச்சர் ஜிம் ஹேக்கர் ஏதாவது செய்ய நினைப்பார், துறைச் செயலர் சர் ஹம்ப்ரி எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்வார், இருவருக்கும் நடுவில் தனிச்செயலர் பெர்னார்ட் மாட்டிக்கொள்வார். வர்க்கப் படி இங்கே தலைகீழ்: பதவியில் மேலே இருப்பவர் அமைச்சர், மேலே இருப்பவர் போல நடந்துகொள்பவர் செயலர்.

தொடங்க வேண்டிய எபிசோட் 1981இல் வந்த 'தி கம்பாஷனேட் சொசைட்டி'. புதிதாகக் கட்டிய மருத்துவமனை ஒன்று. நிர்வாக ஊழியர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள், நோயாளி ஒருவர்கூட இல்லை. நாட்டிலேயே சிறப்பாக நடக்கும் மருத்துவமனைகளில் ஒன்று என்று அதற்குப் பெயர் வேறு. அமைச்சர் அதிர்ச்சியோடு கேட்கக் கேட்க, அதிகாரிகள் அசராமல் விளக்கம் தருகிறார்கள். அதைப் பார்த்த பிறகு முதல் எபிசோடுக்குப் போய் வரிசையாக வரலாம்.

இதில் புதியவர்கள் திணறும் இடம் சர் ஹம்ப்ரியின் நீண்ட வாக்கியங்கள். ஒரே மூச்சில் ஒரு பத்தி பேசுவார். அதைப் புரிந்துகொள்ள நிறுத்தி நிறுத்திப் பார்க்காதீர்கள். புரியக் கூடாது என்பதுதான் அந்த வாக்கியத்தின் வேலை. அமைச்சரின் முகத்தைப் பாருங்கள், சிரிப்பு அங்கேதான். காதில் வாங்க வேண்டியவை சின்னச் சொற்கள். ஒரு முடிவைச் 'சர்ச்சைக்குரியது' என்று அதிகாரி சொன்னால் ஓட்டுக் குறையும் என்று அர்த்தம், 'துணிச்சலானது' என்று சொன்னால் தேர்தலே தோற்கும் என்று அர்த்தம். இந்தத் தொடர் இந்தியாவுக்கும் வந்திருக்கிறது. 2001இல் ஸ்டார் பிளஸ்ஸில் பரூக் ஷேக் நடித்த 'ஜீ மந்திரிஜி' இதன் இந்தி வடிவம்.

மனசுக்கு இதமாக வேண்டுமென்றால் 'டாட்ஸ் ஆர்மி'. ஜிம்மி பெர்ரியும் டேவிட் கிராப்டும் எழுதியது, 1968 முதல் 1977 வரை 80 எபிசோட். இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் சேர முடியாத ஆட்கள் சேர்ந்த ஊர்க்காவல் படையின் கதை. தளபதி மானரிங் ஒரு வங்கி மேனேஜர். சப்டைட்டிலில் எழுத்து நீளமாக 'மெயின்வாரிங்' என்று தெரியும், வாயில் வருவது 'மானரிங்', குழம்ப வேண்டாம். அவருக்குக் கீழே சார்ஜென்டாக இருக்கும் வில்சன், வங்கியிலும் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர். ஆனால் வில்சன் மேட்டுக்குடிப் பள்ளியில் படித்தவர், மானரிங் கஷ்டப்பட்டு மேலே வந்தவர். வில்சன் குரலை உயர்த்தவே மாட்டார். "அப்படிச் செய்யறது புத்திசாலித்தனமா, சார்?" என்று மென்மையாகக் கேட்பார், மானரிங்குக்குக் காது வரைக்கும் சிவக்கும். இந்த இருவரின் முகங்களுக்காகவே எண்பதையும் பார்க்கலாம்.

தொடங்க 1973இல் வந்த 'தி டெட்லி அட்டாச்மென்ட்'. பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் தளபதி, தன்னை அவமதிப்பவர்களின் பெயரையெல்லாம் ஒரு பட்டியலில் எழுதிக்கொண்டே வருகிறார், போர் முடிந்ததும் கணக்குத் தீர்க்க. படையிலேயே சின்னப் பையன் பைக் ஹிட்லரைக் கிண்டல் செய்து பாடுகிறான். "உன் பெயரும் பட்டியலில் ஏறும், பெயர் என்ன?" என்கிறார் ஜெர்மானியர். மானரிங் பாய்ந்து குறுக்கிடுகிறார்: "சொல்லாதே, பைக்!" எழுதப் பார்த்தால் மூன்று வார்த்தைகூட இல்லை. ஆனால் அந்த ஆளின் அவசரம், பொறுப்புணர்வு, அசட்டுத்தனம் மூன்றும் அதில் இருக்கின்றன. எண்பதில் மூன்று எபிசோட் இன்றைக்குக் கிடைப்பதில்லை. அந்தக் காலத்தில் வீடியோ டேப் விலை அதிகம், பழையதை அழித்து அதன் மேலேயே பதிவு செய்தார்கள். இரண்டாம் சீரீஸில் எண்கள் தாண்டிப் போனால் காரணம் அதுதான்.

பிழைப்புக்காக ஓடும் மனிதர்கள் பிடிக்குமென்றால் 'ஒன்லி பூல்ஸ் அண்ட் ஹார்சஸ்'. 1981இல் தொடங்கியது, முழுக்க ஜான் சல்லிவன் ஒருவரே எழுதியது. தென்கிழக்கு லண்டனின் பெக்கம் பகுதியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழும் டெல், தம்பி ரோட்னி, தாத்தா. சூட்கேஸில் சரக்கு வைத்துத் தெருவில் விற்கும் டெல்லுக்கு அடுத்த வருஷமே கோடீஸ்வரன் ஆகிவிடுவோம் என்ற நம்பிக்கை. மூன்று சக்கர மஞ்சள் வேனின் பக்கவாட்டில் நியூயார்க், பாரிஸ், பெக்கம் என்று எழுதியிருக்கும்.

முதலில் 1982இன் 'எ டச் ஆப் கிளாஸ்'. ஒரு பிரபுவின் மாளிகையில் சரவிளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்யும் வேலையைச் செய்கிறேன் என்று டெல் ஏற்றுக்கொள்கிறார். அண்ணனும் தம்பியும் ஏணியில் நின்று கீழே துணியை விரித்துப் பிடிக்க, தாத்தா மேல்தளத்தில் திருகாணியைக் கழற்றுகிறார். இதற்கு மேல் சொன்னால் பாவம். ஒரே விளக்கு என்பதால் ஒரே தடவைதான் எடுக்க முடியும் என்ற நிலையில் எடுத்த காட்சி அது. பிறகு முதல் சீரீஸிலிருந்து வரிசையாக வாருங்கள், ஏனென்றால் இதில் மனிதர்களுக்கு வயதாகிறது, காதல் வருகிறது, கல்யாணம் நடக்கிறது. தாத்தாவாக நடித்த லெனார்ட் பியர்ஸ் 1984இல் இறந்தபோது கதையிலேயே தாத்தாவுக்கு இறுதிச்சடங்கு செய்து, ஆல்பர்ட் என்ற பெரியவரைக் கொண்டுவந்தார்கள். 1989 முதல் எபிசோட் ஐம்பது நிமிடமாக நீள்கிறது. அந்த வருஷத்து 'யப்பி லவ்'வில் டெல் பாரில் சாய்ந்து விழுவதை எங்காவது துண்டாகப் பார்த்திருப்பீர்கள். மறுபடி பார்க்கும்போது உடம்பைக் கவனியுங்கள்: டெல்லாக நடித்த டேவிட் ஜேசன் கையை ஊன்றவில்லை, விழப்போகும் பக்கம் திரும்பவில்லை, வெட்டிய மரம் போலப் பக்கவாட்டில் சாய்கிறார். 1996 கிறிஸ்துமஸ் வாரத்தில் வந்த 'டைம் ஆன் அவர் ஹேண்ட்ஸ்' எபிசோடைப் பிரிட்டனில் பார்த்தவர்கள் 2 கோடியே 43 லட்சம் பேர். அதை முதலில் பார்த்துவிடாதீர்கள். பதினைந்து வருஷம் அவர்களோடு கூட வந்தவருக்குத்தான் அது முழுதாகக் கிடைக்கும்.

'போரிட்ஜ்' (1974–1977) பற்றிச் சுருக்கமாக: 'எ நைட் இன்' எபிசோடில் தொடங்குங்கள். பழைய கைதி பிளெச்சரும் புதுப் பையன் காட்பரும் இரவு பூட்டிய அறைக்குள் பேசிக்கொண்டிருப்பதுதான் ஏறக்குறைய மொத்தமும். 'கீப்பிங் அப் அப்பியரன்சஸ்' (1990–1995) எந்த எபிசோடிலும் நுழையலாம். ஹயசிந்தின் குடும்பப் பெயர் 'பக்கெட்', அதாவது வாளி. அவர் அதைப் பிரெஞ்சு மாதிரி 'பூக்கே' என்று சொல்வார், அதாவது பூங்கொத்து. அந்தப் பந்தா ஒன்றே தொடர் முழுவதையும் இழுத்துச் செல்கிறது. வாரம் ஒன்று போதும், அடுத்தடுத்துப் பார்த்தால் ஒன்றுபோல் தோன்றும்.

உறுத்தும் இடங்கள்

இவற்றில் இனம், நிறம் பற்றிய பேச்சுகள் உண்டு. சில, அப்படிப் பேசும் ஆளை அம்பலப்படுத்துகின்றன. சில, வெறும் இழிவு. 'பால்டி டவர்ஸ்' தொடரின் 'தி ஜெர்மன்ஸ்' எபிசோடில், ஹோட்டலிலேயே தங்கியிருக்கும் முதியவரான மேஜர் பேசும் சொற்களுக்காக 2020இல் ஒரு ஸ்ட்ரீமிங் சேவை அதை எடுத்துவிட்டு, பின்பு எச்சரிக்கையோடு திரும்பப் போட்டது. குழந்தைகளோடு பார்ப்பதானால் இதை முன்கூட்டி நீங்கள் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம்மவர்களில் பலருக்குத் தெரிந்த 'மைண்ட் யுவர் லாங்வேஜ்' 1977இல் ஐடிவியில் தொடங்கியது. லண்டன் மாலை வகுப்பில் ஆங்கிலம் கற்கும் வெளிநாட்டவர்களின் கதை. ரஞ்சித் சிங்காக நடித்த ஆல்பர்ட் மோசஸ் இலங்கையின் கம்பளையில் பிறந்தவர். சிரிப்பு வரும், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு நாட்டுக்காரருக்கும் ஒரே குணம்தான், அதற்கு மேல் அவர்கள் வளர்வதில்லை. இதை வைத்துப் பிரிட்டிஷ் சிட்காம் முழுவதையும் எடைபோட வேண்டாம். மானுவலின் ஆங்கிலமும் தடுமாறும், ஆனால் அந்தக் காட்சிகளில் அவமானப்படுவது அவரிடம் கத்தும் பேசில்தான்.

எப்படி வாங்குவது

ஸ்ட்ரீமிங்கில் இன்று இருப்பது நாளை இருப்பதில்லை. பிடித்த தொடரை டிவிடியாக வாங்கி வைப்பது நல்லது. டிவிடிகளை நாடுவாரியாகப் பிரிக்கும் மண்டல எண்தான் ரீஜன்: பிரிட்டனில் விற்கும் டிவிடி ரீஜன் 2, இந்தியா ரீஜன் 5. இரண்டுமே 'பால்' (PAL) என்ற ஒரே டிவி ஒளிபரப்பு முறை என்பதால் படத்தில் சிக்கல் வராது, ஆனால் ரீஜன் பூட்டு தடுக்கும். 'ஆல் ரீஜன்' பிளேயர் வேண்டும். கணினி டிரைவில் ரீஜன் மாற்றலாம், ஐந்து முறைதான், ஐந்தாவதோடு அது நிலைத்துவிடும். ஒருமுறை 2க்கு மாற்றி அப்படியே விட்டுவிடுங்கள். 'ஒன்லி பூல்ஸ்' டிவிடிகளில் பாட்டு உரிமைச் சிக்கலால் சில இடங்களில் இசை மாற்றப்பட்டோ காட்சி வெட்டப்பட்டோ இருக்கும்.

கடைசியாக 'பிளாக்ஆடர்'

ஒவ்வொரு சீரீஸும் வேறொரு வரலாற்றுக் காலத்தில் நடக்கும் தொடர் இது. இதைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. 1983இல் வந்த முதல் சீரீஸ் கோட்டை, குதிரை என்று செலவழித்து எடுத்தது. அதில் நாயகன் அசடு, வேலைக்காரன் பால்ட்ரிக் விவரமானவன். 1986இல் பென் எல்டன் எழுத்தில் சேர்ந்தார், செலவைக் குறைத்து ஸ்டுடியோவுக்குள் வந்தார்கள், இருவரின் மூளையையும் இடம் மாற்றினார்கள். தொடர் உயிர் பெற்றது அங்கேதான். அதனால் இரண்டாம் சீரீஸில் தொடங்கி, மூன்று, நான்கு என்று போங்கள். முதலாவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நான்காவது, முதல் உலகப் போரின் பதுங்கு குழியில் நடக்கிறது. ஆறு எபிசோடையும் வரிசை மாறாமல், ஒன்றுகூட விடாமல் பாருங்கள். 1989 நவம்பர் 2 அன்று ஒளிபரப்பான ஆறாவதில், அதுவரை தப்பிக்க வழி தேடிய எல்லாரும் குழியை விட்டு மேலே ஏறி ஓட வேண்டிய நேரம் வருகிறது. அந்த ஓட்டத்தை எடுத்த விதம் எடுத்தவர்களுக்கே திருப்தி தரவில்லை. எடிட்டிங்கில் வேகத்தைக் குறைத்து, முகப்பு இசையைப் பியானோவில் மெதுவாக வாசித்து, போர்க்களத்தை, பிரிட்டனில் போரில் இறந்தவர்களின் நினைவுச் சின்னமான பாப்பிப் பூக்கள் நிறைந்த வயலாகக் கரைத்தார்கள். அந்தக் கடைசி ஒரு நிமிடம் யூடியூப்பில் தனியாகக் கிடைக்கும். அதைத் திறக்காதீர்கள். ஆறாவது எபிசோடுக்கு ஒரு இரவை ஒதுக்கி வையுங்கள், அன்றைக்கு அதற்குப் பிறகு வேறெதுவும் போடாதீர்கள்.